பஸ் ஸ்டாப்பில் அமுதவல்லி டீச்சர்

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டு ஹாலில் எல்லோருமாக உட்கார்ந்து அழுதோம். யாரும் சாகவில்லை. சீரியல் பார்த்தோம், அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். ‘நீங்களுமா சீரியல் பார்ப்பீர்கள்?’ என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் – ஆமாம், பார்ப்பேன். இது மாமியாருக்குப் பாயசத்தில் விஷம் வைக்கிற சீரியல் இல்லை. பள்ளிக்கூட சீரியல். ஓர் அரசுப் பள்ளி, அதில் ஓர் ஒன்பதாம் வகுப்பு, அந்த வகுப்புக்கு ஒரு டீச்சர். வாரம் ஒரு பிரச்சினை. கழிப்பறையில் தண்ணீர் வராது. ஒரு பையன் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருவான். ஒரு பெண்ணைப் படிப்பை நிறுத்திவிட்டுச் செங்கல் சூளைக்கு அனுப்புவார்கள். எல்லாவற்றையும் அமுதவல்லி டீச்சர் வெள்ளிக்கிழமைக்குள் தீர்த்து வைத்துவிடுவார். சேலை மடிப்புக்கூடக் கலையாது.

சீரியலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், சேனல்காரர்கள் எனக்குக் காசு கொடுத்ததாக நீங்களே கிளப்பிவிடுவீர்கள்.

எந்த ஹெட்மாஸ்டரும் ஒரு டீச்சரை இவ்வளவு நேரம் பேச விடமாட்டார் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அமுதவல்லி டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் – கழற்றினால் பெரிய டயலாக் வரப்போகிறது என்று அர்த்தம் – நான் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு ஓடி வந்துவிடுவேன். அவ்வளவு பிடிக்கும்.

எனக்கு மட்டுமா? எங்கள் அவனியாபுரம் சந்தில் பாதிப் பேருக்குப் பிடிக்கும். பக்கத்து வீட்டு செல்வி, கீரையையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள். அவர்கள் வீட்டு டி.வி. சின்னதாம், அதில் டீச்சர் அழுவது சரியாகத் தெரியாதாம். செல்வியின் கணவர் லாரி ஓட்டுகிறவர், பெரும்பாலும் ஊரில் இருக்க மாட்டார். செல்வியோடு அவள் மகள் யாழினி வருவாள். ஒன்பதாம் வகுப்பு. கையில் புத்தகத்தோடு வந்து, அதைத் திறக்காமலே கொண்டுபோவாள். பட்டறையைப் பூட்டிவிட்டு செல்வியின் தம்பி முத்துப்பாண்டியும் வந்துவிடுவான். ஆட்டோவுக்கு டிங்கரிங் பார்க்கிற கை. அந்தக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, சீரியல் முடியும்போது முகமெல்லாம் கரியாக இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் பேப்பர் படிப்பதாகப் பேர். காலையிலேயே படித்து முடித்த பேப்பர்.

அன்றைக்கு அழுதோம் என்று சொன்னேனே, அந்த வாரப் பிரச்சினை – சடங்கு. வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண் வயதுக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் உட்கார வைத்து, ஊரைக் கூட்டி விசேஷம் வைத்து, போஸ்டர் அடித்து, ‘இனிமேல் எதுக்குப் படிப்பு?’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அமுதவல்லி டீச்சர் நேராக மண்டபத்துக்கே போய்விட்டார். மேளம் நின்றது. மூக்குக் கண்ணாடி கழன்றது.

“பொண்ணு பெரிய மனுஷி ஆனதை ஊரைக் கூட்டிச் சொல்றீங்களே... அவ பெரிய ஆளா வந்துட்டான்னு எப்பய்யா ஊரைக் கூட்டிச் சொல்லப் போறீங்க?”

அவ்வளவுதான். செல்வி முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை எடுத்தாள். எங்கள் வீட்டுப் பேப்பர் லேசாக நடுங்கியது. முத்துப்பாண்டி எழுந்து நின்று, எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துக் கை தட்டினான்.

“டீச்சர்னா இவங்கதான் மாமா டீச்சர்! அந்தத் தாய்மாமன் பயல நாலு அறை அறைஞ்சிருக்கணும். பச்சப்பிள்ளய ஊருக்குக் காட்டி வேடிக்கை பாக்குறாய்ங்க!”

அன்றைக்கே அந்த டயலாக்கை அவன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தான்.

எனக்கு இதில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் சந்தில் எல்லோரும் அமுதவல்லி டீச்சர் கட்சி. அடுத்த சந்திலும் அப்படித்தான். டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், ரேஷன் கடை வரிசையில்... எங்கே கேட்டாலும் டீச்சர் சொல்வதுதான் நியாயம் என்கிறார்கள். எதிர்க்கட்சியில் ஆளே இல்லை. அப்படியென்றால் இந்த ஊரில் தப்புச் செய்கிறவர்கள் எல்லாம் எந்த சேனல் பார்க்கிறார்கள்?

பதில் சீக்கிரமே கிடைத்தது. அவர்களும் இதே சேனல்தான். அதுவும் எங்கள் வீட்டு ஹாலில்தான்.

சில வாரம் கழித்து, காலையில் செல்வி வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். “அக்கா... யாழினி பெரிய மனுஷி ஆயிட்டாக்கா!” முகமெல்லாம் சிரிப்பு. நானும் சந்தோஷப்பட்டேன். போய்ப் பார்த்தால், பிள்ளையைப் பின்கட்டில் தனியாக உட்கார வைத்து, தட்டு வேறு, டம்ளர் வேறு, பாய் வேறு.

“ஏன் செல்வி, பதினாறு நாளும் இப்படியேவா? ஸ்கூல்ல டெஸ்ட் நடக்குதுன்னு சொன்னாளே?”

“டெஸ்ட் எப்ப வேணும்னாலும் எழுதலாம்க்கா. இது ஒரு தடவதான வரும்.”

“அன்னிக்கு அம்புட்டு அழுதியே... அமுதவல்லி டீச்சர் சொன்னதுக்கு?”

செல்வி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

“அது சீரியலுக்கா.”

இந்த ஒரு வார்த்தைக்கு மேல் என்ன பேசுவது? அது சீரியல். இது வீடு. அங்கே வருகிற கண்ணீரை அங்கேயே துடைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அது ஏதோ எனக்கு மட்டும் தெரியாமல் போன சட்டம் போலிருக்கிறது.

சமயநல்லூரிலிருந்து தாய்மாமன் சீர் வரும் என்றாள் செல்வி. அவர்களுடைய பிறந்த வீடு அங்கேதான். அப்பா அம்மா இல்லை. அக்காவுக்கு எல்லாமே முத்துப்பாண்டிதான். அவனுக்கும் இருப்பது ஒரே அக்கா, ஒரே மருமகள். அந்தப் பிள்ளை பிறந்த அன்றைக்கே சீர்த்தட்டுக்கு ஆசைப்பட்டவன் அவன். ஓலை வாங்கிவந்து, பின்கட்டில் பிள்ளை தனியாக இருக்க அவன் கையாலேயே குச்சு கட்டினான். மேளம் பேசினான். மண்டபம் பிடித்தான். அவன் கெட்டவன் இல்லை என்பதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

ஒருநாள் செல்வி கடைக்குப் போயிருந்த நேரம், யாழினி குச்சுக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, சடங்கு வைக்கட்டும். சீர் செய்யட்டும். எத்தன சேலைனாலும் கட்டிக்கிறேன். ஃபிளெக்ஸ் மட்டும் வேணாம்னு மாமாட்ட சொல்றீங்களா?”

“ஏன்டா, எல்லாருக்கும் வைக்கிறதுதானே?”

“அதான் பெரியம்மா. எல்லாருக்கும் வைக்கிறாய்ங்க. எங்க ஸ்கூல் பயலுக பூராம் ஃபிளெக்ஸ் வைக்கிற அந்த பஸ் ஸ்டாப்லதான் நிப்பாய்ங்க. வாசிச்சு வாசிச்சுச் சிரிப்பாய்ங்க. போன வருசம் ஒரு அக்காவுக்கு வச்சாங்க. இன்னமும் அவங்க பேரைச் சொல்லிக் கூப்புட மாட்டாய்ங்க... ‘ஏ ஃபிளெக்ஸு’ன்னுதான் கூப்புடுவாய்ங்க.”

அவள் அழவில்லை. சீரியலில் வருகிற பெண் என்றால் இந்த இடத்தில் அழுதிருப்பாள், வயலின் வாசித்திருப்பார்கள். இவள் பாயில் பிரிந்த கோரையைப் பிய்த்துக்கொண்டே கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். “நீங்க பத்திரிகைல எழுதுறவங்கன்னு மாமாவுக்கு உங்க மேல பயம் பெரியம்மா. நீங்க சொன்னா கேப்பாரு” என்றாள். இந்தப் பத்தியைப் பார்த்துப் பயப்படுகிறவர் ஒருவராவது இருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பட்டறைக்குப் போனேன். ஓர் ஆட்டோவுக்கு அடியிலிருந்து முத்துப்பாண்டி வெளியே வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“என்னக்கா இப்பிடிச் சொல்லிப்புட்டீங்க? மருதையில ஃபிளெக்ஸ் இல்லாம கருமாதிகூட நடக்காதுக்கா. எம் மருமக சடங்குக்கு வைக்கலைன்னா, மாமன்காரன் செத்துட்டான்னு நெனைப்பாய்ங்க.”

“அமுதவல்லி டீச்சர் என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?”

“மறப்பேனா? என் ஸ்டேட்டஸே அதானக்கா!”

“அப்புறம்?”

“அதுல வர்ற தாய்மாமன் காட்டுப்பயக்கா. படிப்பை நிறுத்துறான். நான் நிறுத்தவா போறேன்? எம் மருமகள டாக்டருக்குப் படிக்க வைப்பேன். ஃபிளெக்ஸ் வச்சா படிப்பு நின்னுருமா?”

வேறு வழியில் போனேன். “பிள்ளைக்குப் பிடிக்கல முத்துப்பாண்டி. அவ போட்டோவை அந்த பஸ் ஸ்டாப்ல போறவன் வர்றவன் எல்லாம் பாக்கணுமா?”

முத்துப்பாண்டி கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் முகம் மாறியது.

“அது சரிதேன். நீங்க சொல்றது நியாயம்க்கா. பிள்ள போட்டோ வராது. எங்கக்கா மேல சத்தியம்.”

எனக்குப் பரம திருப்தி. நேராகக் குச்சுக்குப் போய் யாழினியிடம், “மாமா ஒத்துக்கிட்டார்டா” என்றேன். அவள் சிரித்தாள். ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். எழுத்தாளர் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன். அவர் பேப்பரைத் திருப்பினார்.

விசேஷத்தன்று காலையில் பூ வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன். பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். நிமிர்ந்தேன்.

அமுதவல்லி டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிய போஸ். பள்ளிக்கூட கேட்டுக்கு நேர் எதிரே, இரண்டு சவுக்குக் கம்பில், பத்தடி உயர ஃபிளெக்ஸில்.

பிள்ளையின் போட்டோ இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தான். போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் டீச்சர். டீச்சருக்கு வலது பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் செல்போன் வைத்துக்கொண்டு முத்துப்பாண்டி. கீழே வரிசையாகப் பட்டறை நண்பர்கள், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி. மேலே கொட்டை எழுத்தில், ‘எங்கள் வீட்டு அமுதவல்லி டீச்சர், வருங்கால டாக்டர், அன்பு மருமகள் யாழினியின் பூப்புனித நீராட்டு விழா’. போட்டோ இல்லாததால் ஆள் யாரென்று தெரியாமல் போய்விடுமே என்று, வகுப்பு, பிரிவு, பள்ளியின் பெயர் எல்லாம் போட்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு.

டீச்சரின் வாயிலிருந்து புகை மாதிரி ஒரு வெள்ளை வளையம். அதற்குள்ளே –

‘பொண்ணு பெரிய மனுஷி ஆனதை ஊரைக் கூட்டிச் சொல்றீங்களே... அவ பெரிய ஆளா வந்துட்டான்னு எப்பய்யா ஊரைக் கூட்டிச் சொல்லப் போறீங்க?’

எந்தக் காரியத்தைச் செய்யாதே என்று டீச்சர் அழுதுகொண்டே சொன்னாரோ, அந்தக் காரியத்துக்கே அவரை வாசலில் நிறுத்தி வரவேற்க வைத்துவிட்டான். அச்சடித்தவன் படித்திருப்பான். கம்பு நட்டவன் படித்திருப்பான். கயிறு கட்டியவன் படித்திருப்பான். அந்தப் பத்தடியில் ஒருவனுக்குக்கூடவா உறைக்கவில்லை?

முத்துப்பாண்டி ஓடி வந்தான். புது வேட்டி, புதுச் சட்டை.

“எப்பிடிக்கா? நீங்க சொன்ன மாதிரியே போட்டோ போடல. டீச்சரைப் போட்டா மரியாதையா இருக்கும்னு தோணுச்சு. அதான் ஸ்கூலுக்கு எதுத்தாப்லயே வச்சுட்டேன். பொருத்தமா இருக்குல்ல?”

அவன் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். என் கையில் பூப்பொட்டலம் இல்லாமலிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ‘ஃபிளெக்ஸ் வேண்டாம்’ என்று பிள்ளை சொன்னதை நான் ‘போட்டோ வேண்டாம்’ என்று கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அவன் போட்டோவை மட்டும் கழித்துவிட்டு மீதியை வைத்துவிட்டான்.

மண்டபத்தில் மேளம் காதைக் கிழித்தது. சமயநல்லூர்ச் சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. நாற்காலியில் யாழினி. பட்டுச்சேலை, ஆளை அமுக்குகிற மாலை. வேனில் வந்தபோதே அவள் எல்லாம் பார்த்திருக்கிறாள். நலங்கு வைக்கக் குனிந்த என் காதருகில் மெதுவாகச் சொன்னாள் – “போட்டோ இல்ல பெரியம்மா. நீங்க சொன்ன மாதிரியே.”

சந்தனத்தைத் தடவிவிட்டு, கிண்ணத்தை அடுத்தவர் கையில் கொடுத்தேன்.

விசேஷம் முடிந்து திங்கட்கிழமை யாழினி பள்ளிக்குப் போகவில்லை. வயிற்று வலி என்றாள். மறுநாள் தலைவலி. அதற்கடுத்த நாள் வலி எதுவும் சொல்லவில்லை; நேரடியாகவே சொல்லிவிட்டாள். “நான் அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேன். வேற ஸ்கூல்ல சேத்துவிடுங்க. இல்லாட்டி வீட்டுலயே இருக்கேன்.” செல்வி திட்டினாள், கெஞ்சினாள், கையை ஓங்கினாள். பிள்ளை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் செல்வி அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தாள். முத்துப்பாண்டியும் வந்தான். வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உட்கார்ந்து சீரியல் பார்த்தார்கள்!

அந்த வாரம், படிப்பை நிறுத்திய பையனைத் தேடி அமுதவல்லி டீச்சர் வீடு வீடாகப் போகிறார். முத்துப்பாண்டி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். “பாருங்களேன், எப்பிடியும் கூட்டிட்டு வந்துருவாங்க. டீச்சர் விட மாட்டாங்க!”

நான் ரிமோட்டை எடுத்து அணைத்தேன்.

“என்னக்கா... இப்பத்தேன் கண்ணாடியக் கழட்டுனாங்க!”

“உங்க வீட்டுல ஒரு பிள்ளை ஸ்கூலுக்குப் போகாம படுத்துக் கிடக்கு. நீ இங்க உக்காந்து ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு அழுவுறியா?” எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “ஃபிளெக்ஸ் வச்சா படிப்பு நின்னுருமான்னு கேட்டியே... நின்னுருச்சு, போய்ப் பாரு!”

முத்துப்பாண்டிக்கு முகம் சுண்டிவிட்டது. “மாமன் ஆசையா வச்சதுக்கா. ஒரு கெட்ட வார்த்தை இருக்கா அதுல? எல்லாம் நல்ல வார்த்தைதான?”

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே இறக்கினார். “மாப்ள, நாளைக்குக் காலையில ஸ்கூலுக்குப் பிள்ளைக போற நேரத்துல அந்த பஸ் ஸ்டாப்ல போய்க் கொஞ்சம் நில்லு. ஒண்ணும் பேசாத. சும்மா நில்லு.” சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் சொன்னதிலேயே உருப்படியான யோசனை இதுதான்.

மறுநாள் காலை முத்துப்பாண்டி போனான். திரும்பி வந்தபோது தோளில் ஃபிளெக்ஸைச் சுருட்டிப் போட்டிருந்தான். கம்பு குத்திக் கையில் ரத்தம். எங்கள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“டீச்சர் மாதிரியே குரல மாத்தி வாசிக்கிறாய்ங்கக்கா. ரோட்டுல போற பிள்ளைகளப் பாத்து, ‘உனக்கு எப்ப ஊரைக் கூட்டிச் சொல்லப் போறாய்ங்க?’ன்னு கேக்குறாய்ங்க. பொம்பளப் பிள்ளைக பூராம் தலையக் குனிஞ்சுக்கிட்டு அந்தப் பக்கமா ரோட்டைத் தாண்டிப் போகுதுக. ஒரு பய என்னய அடையாளம் கண்டுக்கிட்டு, ‘அண்ணே, அதுல நீங்கதான? உங்க மருமக எப்ப வருவா?’ங்கிறான்...”

“அடிச்சிட்டியா?”

“அடிக்கத்தான் போனேன். கைய ஓங்கிட்டேன்க்கா. அந்தப் பய சொன்னது பூராம் நான் எழுதி வச்சதுதான. அவன அடிச்சா, எழுதி வச்சவன எவன் அடிக்கிறது?”

இப்போது அவன் அழுதான். சீரியலுக்கு அழுகிற அழுகை இல்லை இது. சத்தமே வரவில்லை. எனக்கு அவன் மேலிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

செல்வி வீட்டுப் பின்கட்டுக்குப் போய் யாழினியிடம், “மாமா ஃபிளெக்ஸைக் கழட்டிட்டார்டா. இனிமே இல்ல” என்றேன்.

அவள் போர்வையை விலக்கவில்லை. உள்ளேயிருந்தே கேட்டாள். “கழட்டிட்டா? வாசிச்சவய்ங்க வாசிச்சதுதான பெரியம்மா?”

அமுதவல்லி டீச்சராக இருந்தால் கண்ணாடியைக் கழற்றி ஏதாவது சொல்லியிருப்பார். நான் கண்ணாடியைக் கழற்றினால் எனக்குக் கண் தெரியாது. கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவளை எழுப்பியது நான் இல்லை. சீரியலும் இல்லை. அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும், அதே யூனிஃபார்மோடு அவள் வகுப்புத் தோழி காவ்யா வந்தாள். குள்ளமான பெண், கட்டைக் குரல். செருப்பைக் கழற்றாமலே பின்கட்டுக்குப் போனாள். போர்வையைப் பிடித்து ஒரே இழு.

“ஏன்டி, உனக்காச்சும் டீச்சர் படம். எனக்கு எங்கப்பா என்ன வச்சாரு தெரியுமா? என்னயப் புலி மேல உக்கார வச்சிருந்தாரு. கையில வேலு! கொட்டாம்பட்டி பூராம் நாலு இடத்துல. எங்க அத்தை வீட்டுக்குப் போனா இன்னமும் என்னயப் ‘புலிக்குட்டி’ன்னுதான் கூப்புடுறாய்ங்க.”

உள்ளேயிருந்து யாழினியின் குரல் வந்தது.

“நெசமாவா?”

“அந்தப் புலிக்கு எங்கப்பா மீசை மாதிரியே மீசைடி!”

யாழினி சிரித்த சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. எத்தனை நாள் கழித்துக் கேட்கிற சத்தம்! செல்வி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். செல்வி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த முத்துப்பாண்டி எழுந்தான். உள்ளே போகப் பார்த்தவனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவன் போனால் மறுபடியும் ஏதாவது பேசித் தொலைப்பான்.

“நாளைக்கு வாரேன். ரெண்டு பேரும் சேந்து போவோம். எவனாச்சும் வாயத் தொறந்தான்னா என்கிட்ட விடு” என்று சொல்லிவிட்டு, காவ்யா ஒரு டம்ளர் காபியும் நாலு முறுக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் இருவரும் கிளம்பினார்கள். நான் சந்து முனைவரை போய் நின்று பார்த்தேன். பஸ் ஸ்டாப்பை நெருங்க நெருங்க யாழினியின் தலை குனிந்தது. காவ்யா அவள் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக அந்த இரண்டு வெறுங்கம்புக்கு நடுவிலேயே நடந்தாள். பயல்கள் ஏதோ சொன்னார்கள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. யாழினிக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவள் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூட கேட்டுக்குள் போய்விட்டாள்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். முத்துப்பாண்டியை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நானும் செல்வியும் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை பள்ளியிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். முத்துப்பாண்டி வந்தான். குளித்து, விபூதி பூசி, செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு.

“அக்கா, மனசு கேக்கல. பண்ணுன தப்புக்கு ஒரு பரிகாரம் பண்ணணும்ல? டிசைன் பண்ணச் சொல்லியிருக்கேன்... பாருங்க.” நீட்டினான். செல்போனில் அமுதவல்லி டீச்சர். பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி இல்லாமல், கை கூப்பியபடி முத்துப்பாண்டி. ‘தவறுக்கு வருந்துகிறோம். எங்கள் மருமகள் மீண்டும் பள்ளிக்குச் செல்கிறார். வாழ்த்தும் தாய்மாமன்.’

“முத்துப்பாண்டி!” என்று நான் போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது. “உனக்கு இம்புட்டு பட்டும் புத்தி வரலையா? வருத்தம்னா வாயால சொல்லத் தெரியாதா? அதையும் பத்தடிக்கு அடிக்கணுமா?”

“ஊருக்கே தெரிய தப்புப் பண்ணிட்டேன். ஊருக்குத் தெரியத்தான மன்னிப்புக் கேக்கணும்?”

பாருங்கள், இதிலும் அவன் பக்கம் ஒரு நியாயம் இருந்து தொலைக்கிறது.

யாழினி டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து மாமன் கையிலிருந்து செல்போனை வாங்கிப் பார்த்தாள். முழுதாகப் படித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

“மாமா.”

“சொல்லுத்தா.”

“இது வேணாம். அடுத்த வருசம் டென்த் ரிசல்ட் வரும்ல? அப்ப வைங்க. அதே பஸ் ஸ்டாப்ல, அதே கம்புல. போட்டோ நானே தாரேன். என்ன எழுதணும்னு நானே எழுதித் தாரேன். அதுவரைக்கும் என் பேரை எங்கயும் எழுதக் கூடாது.”

முத்துப்பாண்டி தலையை ஆட்டினான். செல்வி முந்தானையை எடுத்தாள். இந்த முறை டி.வி. ஓடவில்லை.

அடுத்த வருஷத்துக்கு ஃபிளெக்ஸ் கடையில் இப்போதே சொல்லி வைத்துவிட்டானாம் – அகலத்தை மட்டும் இரண்டடி கூட்டச் சொல்லி!